மீட்டர் மகாத்மியம்

வீதியில் செல்லும்போது வீடுகளின் வாசற்சுவரைச் சற்றே கவனித்துப் பாருங்கள். சிறிய வீடுதான், வசிப்பவர்களும் நால்வர்தான். ஆயினும் பலகையின் மேல் மூன்று மின்சார மீட்டர்கள் வரிசையாக வீற்றிருந்து கண் சிமிட்டும். இத்தனை எதற்கு என்று நேயர்கள் வியக்கலாம்.

முற்காலத்தில் இதற்குக் காரணம் எளியது. விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு கட்டணம். அடுப்பு, வெந்நீர்க் கலம் முதலியவற்றுக்கு வேறு கட்டணம். ஆகையால் நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர்கள் வைத்தார்கள். அந்த ஏற்பாடு போய்விட்டது. 'பவர் பிளக்' என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

இன்று தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது. 2016-ஆம் ஆண்டு முதல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல், எரிக்க எரிக்க விலையும் படியேறும். 2022 செப்டம்பரில் வகுத்த விகிதப்படி 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். தவறிப்போய் 501 ஆகிவிட்டால் 1,958 ரூபாய்! அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். ஐந்நூறைத் தாண்டியவருக்குக் கீழ்ப்படியின் சலுகையும் பறிபோகும் என்பதே இதன் ரகசியம். 1,000 யூனிட் எரித்தால் 6,550 ரூபாய். அதையே இரண்டு மீட்டர்களில் பாதிப் பாதியாக ஓட விட்டாலோ 3,450 ரூபாய்தான். விகிதங்கள் பிற்பாடு உயர்ந்தன. படிக்கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்படியிருக்க, மாடிக்கு ஒன்று, மருமகள் பெயரில் ஒன்று என்று ஆசை பிறப்பதில் வியப்பென்ன? ஆனால் தனி இணைப்பு வேண்டுமாயின் வீட்டின் பகுதியும் மின்கம்பியும் தனித்தனியே பிரிந்திருக்க வேண்டும் என்பது விதி. அண்ணனும் தம்பியும் மேலும் கீழுமாகத் தனி அடுப்பு மூட்டி வாழ்ந்தால் இரண்டு மீட்டர் நியாயமே. ஒரே அடுப்பெரியும் வீட்டில் காகிதத்திலே பாகப்பிரிவினை நடத்துவதை நாம் ஒப்புவதற்கில்லை.

இதைவிட நமக்கு வருத்தம் தருவது வேறொரு மீட்டர். வீட்டுக்காரர் பெயரில் ஒரே இணைப்பு. குடித்தனக்காரருக்கு அவர் மாட்டி வைத்த 'சப் மீட்டர்'. யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் வாயில் வந்ததே கட்டணம். இரண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்கு மேல் எரிக்காத ஏழைக் குடித்தனக்காரர், தனி இணைப்பு இருந்தால் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால் அவரே ஆயிரம் ரூபாய் எண்ணி வைக்க வேண்டும். எவருக்காக இலவசம் பிறந்ததோ அவர் வாசல்வரை அது வருவதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கச் செல்லும் நேயர்கள், குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்கும்போதே, மின் இணைப்பு தனியா, 'சப் மீட்டரா' என்பதையும் கேட்டுவிடுவார்களாக. முன்பணம் கொடுத்த பிறகு கேட்பதில் பயனில்லை.