கம்பெனிக்கு ஒரு வாடகை, கைக்காசு கட்டுறவனுக்கு ஒரு வாடகையா?

ஒரே மாடி. ஒரே மாதிரி அறை. ஆனால் ஒருவருக்கு வாடகை 3 ஆயிரம் என்றால், பக்கத்து அறைக்காரருக்கு 5 ஆயிரம்!

சென்னையின் பெரிய ஓட்டல்களில் இந்த மாதிரி வித்தியாசம் புதிதல்ல. குறைவாகக் கட்டுபவர் கம்பெனி செலவில் வந்த அதிகாரி. கூடுதலாகக் கட்டுபவர், கிரீம்ஸ் ரோடு பக்கம் ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்துவிட்டு, ராத்திரி பையும் கையுமாக வந்து நின்ற வெளியூர்க்காரர்.

இது எப்படி?

பெரிய கம்பெனிகள் ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டல் விற்பனை மானேஜரோடு உட்கார்ந்து பேரம் பேசுகின்றன. "வருஷத்துக்கு 500 ராத்திரி ரூம் எடுப்போம், என்ன ரேட் போடுறீங்க?" என்பதுதான் பேச்சு. காலை டிபனும் அதே வாடகையில் சேர்ந்துவிடும்.

ஓட்டல்காரரும் ஏமாளி அல்ல. கிரிக்கெட், மாநாடு என்று ஊர் நிரம்பும் நாட்களில் சலுகை கிடையாது என்று எழுதிக்கொள்வார். 500 என்று சொல்லிவிட்டு 100 மட்டும் எடுத்தால், அடுத்த பேரத்தில் வாடகை ஏறும்.

கம்பெனியும் விடாது. "கடைசி ரூம் காலியா இருந்தாலும் எங்க ரேட்டுக்கே தரணும்" என்று ஷரத்து கேட்கும். அந்த ஷரத்து இல்லையென்றால், கூட்டமான அன்று "உங்க ரேட்ல ரூம் இல்லீங்க" என்று பதில் வரும்.

மொத்தமாக வாங்குகிறவருக்கு விலை குறைவு. கோயம்பேடு மார்க்கெட்டிலும் இதுதான் வழக்கம். அதைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஆனால் ஒரு கேள்வி. ஸ்கேன், ஆபரேஷன், ரிப்போர்ட் என்று 10 நாள் தங்குகிற குடும்பமும் மொத்தமாக வாங்குகிறவர்தானே? நாளுக்கு 2 ஆயிரம் கூடுதல் என்றால் 10 நாளில் 20 ஆயிரம். அது மருந்துக்கு வைத்திருந்த காசு!

7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 5 ஆயிரம் வாடகையில் அதனால் மிச்சம் 350 ரூபாய். பேரம் பேசத் தெரியாததால் போவது 2 ஆயிரம்!

ஒரு வாரத்துக்கு மேல் தங்கும் நோயாளி குடும்பத்துக்கு என்ன வாடகை என்று ஓட்டல்கள் ரிசப்ஷனில் பலகை வைக்கட்டும். கம்பெனிகள் செய்வதுபோல ஆஸ்பத்திரி நிர்வாகங்களும் பக்கத்து ஓட்டல்களோடு பேசி, ரேட்டை எழுதி வாங்கட்டும்.

அதுவரை, வருகிறவர்கள் வாய் திறந்து கேட்க வேண்டும். "பத்து நாள் தங்குறோம், அதுக்கு என்ன ரேட்?" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. கோட்டு போட்ட கம்பெனிக்காரர் கேட்டுத்தான் வாங்குகிறார்.

கேட்கத் தெரியாதவன் தலையில் மிளகாய் அரைப்பது வியாபாரம் ஆகுமா? ஓட்டல் அதிபர்கள் கவனிப்பார்களா?