கரகரப்பு எங்கே பிறக்கிறது?

பள்ளிக்கரணையில் சாயங்கால வேளையில் கரண்ட் போகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் பாதி அரைத்த சட்னியோடு நிற்கும் அம்மாளுக்கு எரிச்சல். பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கு உள்ளூரக் குஷி. ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டான். பெரியவர்களில் வாய்விட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் ஒரே ஒரு ரகத்தார்தான். அவர்களுக்கு 'ஹாம்' என்று பெயர்.

சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்து ஊர் உலகத்தோடு பேசுகிறவர்கள் இவர்கள். காசுக்காக அல்ல, ஆசைக்காக. இந்த ஆசை நம் சென்னைக்குப் புதிதும் அல்ல. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் 1924-லேயே சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பும் நடத்தினார்கள். ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை!

கரண்ட் போனால் இவர்களுக்கு என்ன ஆனந்தம்? பாட்டரியில் ஓடும் அவர்களுடைய ரேடியோவில் அதுவரை 'உஸ்ஸ்... கரகர' என்ற இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்டிராது. தெரு இருண்டதும் இரைச்சல் சட்டென்று அடங்கும். அதற்கடியிலிருந்து யாரோ பேசுவது மெல்லக் கேட்கும். அந்தக் குரல் புதிதாக வந்ததல்ல. முன்பே வந்து கொண்டுதான் இருந்தது. நம் வீடுதான் அதை மூடி வைத்திருந்தது.

ஆம், நம் வீடேதான்! கூடத்தில் எரியும் எல்.இ.டி. பல்புக்குள் ஒரு குட்டி மின்சுற்று இருக்கிறது. 230 வோல்ட் மின்சாரத்தைப் பல்புக்கேற்றபடி மாற்றுவதற்காக அது விநாடிக்குப் பல்லாயிரம் தடவை தன்னைத் தானே அணைத்து ஏற்றிக் கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு மின் உதறல். செல்போன் சார்ஜர், டி.வி. பெட்டி, இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே கதை. சுவருக்குள் ஓடும் ஒயர் அந்த உதறலை ஏரியல் போல வீடு முழுக்கப் பரப்பி விடுகிறது. மிக்ஸியை மட்டும் மன்னித்து விடலாம். அதன் கரகரப்பு சட்னி முடிந்ததும் முடிந்து விடும். சார்ஜர் இராப்பகலாகச் சுவரில் தொங்குகிறதே!

'கரகரத்தால் கரகரத்து விட்டுப் போகட்டும், நமக்கென்ன?' என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தில்லியிலிருந்து போர்ட் பிளேருக்குப் போய் ஹாம் நிலையம் அமைத்திருந்தார். அந்தமானிலிருந்து பல வருஷங்களாக ஹாம் குரலே எழும்பியதில்லை; ஆகவே உலகெங்கும் இருந்த ஹாம்கள் அவர் குரலைப் பிடிக்கத் தவம் கிடந்தார்கள். 26-ஆம் தேதி காலையில் பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது, டெலிபோன்கள் ஓய்ந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன ரேடியோ, தீவில் பிழைத்தவர்களின் சேதியை நாட்டிலிருந்த உறவினர்களுக்குச் சேர்க்கும் வழியாயிற்று.

பேசுவதற்கு ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. கேட்பதற்கும் ஒருவர் வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பள்ளிக்கரணை வெள்ளத்தில் நின்றபோது செல்போன்கள் எப்படிக் கைவிட்டன என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நாளில் வெள்ளத்தில் இருப்பவர் பாட்டரியில் மெல்லிய குரலில் கூப்பிடுவார். கேட்க வேண்டியவரோ கரண்ட் உள்ள ஏதோ ஓர் ஊரில், பத்து பல்புகளும் ஐந்து சார்ஜர்களும் சூழ உட்கார்ந்திருப்பார்!

இரைச்சலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய பாட்டரி டிரான்ஸிஸ்டர் ஒன்று போதும். மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் மறக்காமல் அணையுங்கள். அதுவே பெரிய இரைச்சல்காரனாக இருக்கலாம். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி உங்கள் வீட்டில். குறையாவிட்டால் அடுத்த வீட்டில் அல்லது தெருக் கம்பத்தில். பிறகு மின்சாரத்தைப் போட்டு, ஒவ்வொரு சாமானாக ஏற்றிக்கொண்டு வாருங்கள். எதைப் போட்டதும் டிரான்ஸிஸ்டர் சீறுகிறதோ அதுதான் ஆசாமி. கையும் களவுமாகப் பிடித்து விடலாம்.

மலிவுச் சரக்கானால் மாற்றிவிடுவதே நல்லது. மாற்ற முடியாததற்கு ஃபெரைட் வளையம் இருக்கிறது. சில கம்ப்யூட்டர் கேபிள்களின் நுனியில் கொழுக்கட்டை போல உப்பியிருக்கிறதே, அதற்குள் இருப்பது அதுதான். சார்ஜரின் ஒயரை வளையத்துக்குள் ஒரு தடவை நுழைத்தால் கொஞ்சம் தடுக்கும்; மூன்று சுற்றுச் சுற்றினால் தடுப்பு ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

ஏரியல் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். பெரிய ஏரியல் கட்டினால் குரலோடு இரைச்சலும் சேர்ந்து பெருக்கும். வீட்டை விட்டு எட்ட நிறுத்துவதுதான் உபாயம். பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை ஒட்டிய வீட்டுக்காரருக்கு ஒரு பக்கமாவது அதிர்ஷ்டம். நாரைக்கும் நாமக்கோழிக்கும் சார்ஜர் தேவையில்லை! அடுக்கு வீட்டில் இருப்பவருக்கு வளைய ஏரியல் உண்டு. சுமார் ஒரு மீட்டர் குறுக்களவு வட்டம். அதைத் திருப்பிக்கொண்டே போனால் ஏதோ ஒரு நிலையில் இரைச்சல் அமுங்கும். பாட்டிமார்களுக்கு இது புரியும். இலங்கை வானொலி கேட்க டிரான்ஸிஸ்டரை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்தவர்கள் ஆயிற்றே!

ரேடியோவிலேயே செய்ய வேண்டியதும் உண்டு. வால்யூமைக் கூட்டுவதில் பிரயோஜனம் இல்லை. இரண்டும் சேர்ந்துதான் கூடும். சல்லடையை மாற்ற வேண்டும். மனிதக் குரல் புரிவதற்கு 2,400 ஹெர்ட்ஸ் அகலம் போதும். மோர்ஸ் 'கட்டுக் கடகட'வுக்கு 500 போதும். உள்ளே வரும் இரைச்சல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். புது ரேடியோக்களில் இரைச்சலைத் தானே குறைக்கும் வித்தை இருக்கிறது. அளவோடு வைத்தால் நன்று. மிஞ்சினால், பேசுகிறவர் தண்ணீர்ப் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல இருக்கும்.

ஐப்பசி கார்த்திகையில் வரும் இடி மின்னலின் 'பட் படார்' மட்டும் எதற்கும் கட்டுப்படாது. தூரத்து மின்னலானால் உயர்ந்த அலைவரிசைக்குப் போய்ப் பார்க்கலாம். மின்னல் கிட்டே வந்துவிட்டால் கேட்பதை நிறுத்தி, ஏரியலைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஆனால் முதல் இடி கேட்ட பிறகு அதைத் தொடக் கூடாது. மேகம் திரளும்போதே கழற்றி விடுங்கள்.