எடையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

மாலை வேளையில் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் அடிப்பகுதியைத் திருப்பிக் கேட்பவர்களுக்கு இந்தக் கூத்து புதிதல்ல. ஒரு நிலையம் சி.கியூ. அழைக்கிறது. கோடுகள் நிமிடத்துக்கு 15 சொல் வேகத்தில் நிதானமாக நடக்கின்றன. புள்ளிகளோ 30 சொல் வேகத்தில் பறக்கின்றன. வந்தது எஸ்ஸா, எச்சா, 5-ஆ என்று கேட்பவர் ஊகிக்க வேண்டும். அழைப்புக்குறியை மூன்று முறை திருப்பி வாங்கியும் தெளியாமல், மறுமுனைக்காரர் மரியாதையாக 73 சொல்லிவிட்டு நகர்கிறார். அனுப்பியவர் தன் பக் கீயைத் திட்டுவார். இல்லாவிட்டால் தன் விரலைத் திட்டுவார். இரண்டின் மீதும் பெரிய பழி இல்லை. ஊசல் தண்டில் ஏறியிருக்கும் சின்ன எடை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

பக் கீயில் பாதி வேலை இயந்திரத்துக்கு, பாதி கைக்கு. வலக்கைக்காரர் கட்டைவிரலால் துடுப்பை வலப்பக்கம் தள்ளினால் ஊசல் அதிரத் தொடங்கி, விரலை எடுக்கும்வரை புள்ளிகளைத் தானே அடுக்கிக்கொண்டு போகும். ஆட்காட்டி விரலால் இடப்பக்கம் தள்ளினால் ஒரே ஒரு கோடு. அழுத்தியிருக்கும் நேரம்தான் அதன் நீளம். அடுத்த கோட்டுக்கு மறுபடி தள்ள வேண்டும். ஆக, ஒரே எழுத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றை மட்டுமே அனுப்புபவர் நொடிக்கு நொடி மாற்ற முடியும். மற்றதை முன்கூட்டியே அமைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். இந்த இதழ் பக் பயன்படுத்துவோருக்குச் சொல்ல விரும்புவதெல்லாம் அந்த முன்கூட்டிய அமைப்பைப் பற்றியதே.

இப்படியொரு பாதி வேலைக் கருவியை ஏன் செய்தார்கள்? வலிதான் காரணம். நாள் முழுக்கக் குத்துக் கீயை மேலும் கீழும் அடித்த தந்தி ஊழியர்களின் மணிக்கட்டும் முன்கையும் ஒரு கட்டத்தில் சொன்னபடி கேட்க மறுத்தன. அமெரிக்கத் தந்திக்காரர்கள் அதைக் கண்ணாடிக் கை என்றார்கள். பிரிட்டனில் தந்திக்காரர் தசைப்பிடிப்பு 1908-இல் இழப்பீட்டுக்குரிய தொழில் நோய்களின் பட்டியலில் ஏறியது. 1911-இல் அதை ஆராய்ந்த அரசுக் குழு தன் அறிக்கையைத் தந்தது. அதற்குள் நியூயார்க்கில் ஹொரேஸ் மார்ட்டின் விடை கண்டுபிடித்துவிட்டார். மின்கலமும் மின்காந்தமும் கொண்டு புள்ளி அடித்த ஆட்டோபிளெக்ஸ் அவருடைய முதல் முயற்சி. மின்சாரமே தேவைப்படாத, வெறும் ஸ்பிரிங்கும் எடையும் கொண்ட வைப்ரோபிளெக்ஸுக்கு 1904 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. அதே அடிப்படை வடிவம் ஒரிஜினல் என்ற பெயரில் இன்றும் தயாராகிறது.

மார்ட்டின் புள்ளியை இயந்திரத்திடம் விட்டுக் கோட்டைக் கையிலேயே வைத்ததற்கு அவர் காலத்துக் குறியீடு காரணம். அமெரிக்க நிலத் தந்தியில் ஓடியது இன்று நாம் பயன்படுத்தும் சர்வதேச மோர்ஸ் அல்ல. அந்தப் பழைய அமெரிக்க மோர்ஸில் பி என்ற எழுத்து ஐந்து புள்ளி, 6 என்ற எண் ஆறு புள்ளி. சி, ஓ, ஆர், ஒய், இஸட் எல்லாமே கோடே இல்லாமல் புள்ளிகளும் இடைவெளிகளுமாக எழுதப்பட்டவை. எல் எழுத்துக்குச் சற்று நீண்ட கோடு, பூஜ்யத்துக்கு அதைவிட நீண்ட கோடு. கோட்டின் நீளமே பலவகையாக இருந்தால் அதை இயந்திரத்திடம் எப்படி ஒப்படைப்பது? புள்ளிதான் மாறாதது, புள்ளிதான் அதிகம்.

சர்வதேச மோர்ஸில் அந்த ஆதாயம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. நம் அழைப்புக்குறிகளை எண்ணிப் பார்த்தாலே தெரியும். இந்தியாவின் வியு2 என்பதைக் குத்துக் கீயில் அனுப்ப 12 அழுத்தம் வேண்டும். பக்கில் எட்டுத் தள்ளல் போதும். இலங்கையின் 4எஸ்7 இன்னும் கொடுத்து வைத்தது: 13 அழுத்தம் ஆறாகக் குறைகிறது. மலேசியாவின் 9எம்2-வுக்கு 12 இருந்த இடத்தில் 11, சிங்கப்பூரின் 9வி1-க்கு 14 இருந்த இடத்தில் 12. யாழ்ப்பாணத்து நண்பருக்குப் பாதிக்கு மேல் மிச்சம். கோலாலம்பூர்க்காரருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மார்ட்டினை இதற்காகக் கோபித்துக்கொள்ள முடியாது.

இனி வேகக் கணக்குக்கு வருவோம். ஒரு விநாடிக்கு விழும் புள்ளிகளின் எண்ணிக்கையை 2.4 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பது கிடைக்கும். கைப்பேசியில் பக்க ஒலியைப் பதிந்து, ஒலி அலையைப் பார்த்து எண்ணினால் போதும். இடைவெளிகளோடு சேர்த்துப் பத்துப் புள்ளிகள் 1.2 விநாடி எடுத்தால் வேகம் 20 சொல், 0.8 விநாடியில் முடிந்தால் 30 சொல். இங்கேதான் சிக்கல் வெளிப்படும். பல பக்குகளில் எடையைத் தண்டின் கடைசிக்கே தள்ளினாலும் புள்ளி வேகம் இருபது இருபத்தைந்துக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். அதில் தவறில்லை, அவை முழுநேரத் தந்திக்காரர்களுக்காகப் பிறந்தவை. பொது நிலை உரிமத் தேர்வுக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் பழகி, பிறகு மெல்ல 15, 16-க்கு ஏறியவரின் கையில் அதே கருவி வரும்போது கோடு ஓரிடத்திலும் புள்ளி ஓரிடத்திலும் நிற்கிறது.

பலரும் செய்வது என்ன? புள்ளியின் வேகத்துக்குக் கோட்டைத் துரத்துகிறார்கள். சில வாரத்தில் கோடு குறுகிப் பெரிய புள்ளிபோல ஆகிவிடும். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி காணாமல் போகும். பழைய வலியும் திரும்பி வரும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. கை இயல்பாகப் போடும் கோட்டின் நீளத்தை முதலில் பாருங்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு வரும்வரை புள்ளியை மெதுவாக்குங்கள். 20 சொல் வேகத்தில் புள்ளி 60 மில்லிவிநாடி, கோடு 180. தொழிற்சாலை எடை போதாவிட்டால் கூடுதல் எடை போட வெட்கப்பட வேண்டாம். தண்டின் சொந்த எடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதே இடத்தில் எடையை இரட்டிப்பாக்கும்போது வேகம் பாதியாகாது. ஏறத்தாழ பத்தில் ஏழு பங்காகும். 28 சொல் போன பக் 20-க்கு வந்துவிடும். தண்டை நீட்டித் தரும் துணைக்கருவிகளும் கடையில் உண்டு. துணி மாட்டும் கிளிப், ஈயத் துண்டு, பித்தளை நட்டு என்று கையில் கிடைத்ததை மாட்டி ஓட்டுபவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். அழகு குறையலாம், ஒலி குறையாது.

எடை சரியானால் அடுத்தது தொடுமுனை. திருகுகளை ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் திருப்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய சேதம். நடு அச்சில் ஆட்டம் இல்லாமல், அதே சமயம் துடுப்பு தடையின்றித் திரும்புகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஓய்வில் தண்டு, அதன் ஆட்டத்தை அடக்கும் டாம்பரைத் தொட்டு நேராக நிற்க வேண்டும். பிறகு துடுப்பை வலப்பக்கம் தள்ளிப் பிடித்தபடி, ஊசலின் ஆட்டத்தை விரலால் நிறுத்திவிட்டு, புள்ளித் திருகை மெதுவாக உள்ளே விட வேண்டும். தொடுமுனைகள் ஒன்றையொன்று தொட்ட கணத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஸ்பிரிங்கை வளைத்தால் புள்ளி பருத்துவிடும். முள் காட்டும் பழைய மீட்டர் ஒருவரிடம் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். கோடு அழுத்தும்போது முள் முழு அளவு போகும்படி இணைத்துவிட்டுப் புள்ளிகளை ஓட்டினால், அது பாதியில் நிற்க வேண்டும். இலக்க மீட்டர் இந்த வேலைக்கு உதவாது. ஒரே தள்ளலில் எட்டுச் சீரான புள்ளிகள் கிடைத்தால் வேலை முடிந்தது. பிழைக்குறிக்கு எட்டு வேண்டும், அதைத் தாண்டி எந்தக் குறிக்கும் தேவைப்படாது.

நவீன ரிக்கில் ஒரு பொறி இருக்கிறது. மெனுவில் கீ வகை என்ற இடத்தில் ‘பக்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பலர் மகிழ்ச்சியோடு அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அந்த வசதி பேடிலுக்கானது: புள்ளியை மின்னணு போடும், கோட்டைக் கை போடும். உண்மையான பக்குக்கு வேண்டியது ‘நேர் கீ’ அமைப்பு, அல்லது கீயரை முழுதாக அணைத்து வைப்பது. அதேபோல, ஸ்டீரியோ துளையில் மோனோ பிளக்கைச் செருகிவிட்டுக் கீயரையும் ஓட விட்டால் ரிக் நிறுத்தாமல் அனுப்பத் தொடங்கும். பவரைக் குறைத்து, டம்மி லோடு மாட்டிச் சோதிப்பது நல்லது.

புள்ளிகள் கரகரவென்று உடைந்து விழுகின்றன என்ற புகாருக்கும் ரிக்குக்கும் தொடர்புண்டு. வால்வு காலத்து டிரான்ஸ்மிட்டரில் கீயின் தொடுமுனையில் கணிசமான மின்னழுத்தம் இருந்தது. மெல்லிய கறை அதன் முன் நிற்கவில்லை. இன்றைய ரிக்கின் கீ முனையில் சில வோல்ட், சில மில்லி ஆம்பியர்தான். உப்புக்காற்று வீசும் ஊர்களில் வெள்ளித் தொடுமுனைமேல் படியும் கறையே அதை மறிக்கப் போதும். போதாததற்கு, முழு பிரேக்-இன் வைத்திருக்கும் ரிக் ஒவ்வொரு துள்ளலையும் விசுவாசமாக அனுப்பிவிடும். மணல்தாள் வேண்டாம். வெள்ளைத் தாள் ஒன்றைத் தொடுமுனைகளுக்கு நடுவே வைத்து, லேசாக அழுத்தி இழுத்தால் கறை தாளோடு வந்துவிடும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஒரு மின்னணுக் கீயர் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு இதழின் பதில்: தாராளமாக. போட்டியில் மணிக்கு நூறு தொடர்பு எடுப்பவருக்கு அதுதான் சரி. பக்கில் கிடைப்பது வேறொன்று, அனுப்புபவரின் கையெழுத்து. இரண்டாம் உலகப் போரில் எதிரி நிலையங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அழைப்புக்குறி மாறினாலும் அனுப்பும் கையை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். பக்காளர்களிடையே ஈரி ஏரிச் சாயல், வாழைப்பழக் கப்பல் சாயல் என்று பெயர் வைத்த நடைகளே இருந்தன. பின்னதன் பெயர் மத்திய அமெரிக்கப் பழக் கப்பல்களின் வானொலி அறைகளிலிருந்து வந்தது. கோட்டை இழுத்தும் இடைவெளியை நெரித்தும் அவர்கள் அனுப்பியதை எதிர்முனையில் இன்னொரு தொழில்காரர் பழக்கத்தால் புரிந்துகொண்டார். தொடர்பில் புதிதாக நுழையும் ஒருவர் அந்தச் சாயலைப் பிரதியெடுப்பது கமகம் தெரியாதவர் பிருகா பாடுவது போலத்தான். அமெரிக்கக் கடற்படைகூடத் தன் ஆட்களிடம் தனிச் சான்றிதழ் இருந்தால்தான் இந்த வேகக் கீயைத் தொட விட்டது. போர்க்கால ராணுவத்துக்கு ஜே-36 என்ற பெயரில் பக் செய்து கொடுத்தவர்களில் பொம்மை ரயிலுக்குப் பேர்போன லயனல் நிறுவனமும் ஒன்று என்பது இடையில் ஒரு சுவையான செய்தி.

தன் கை எப்படி இருக்கிறது என்று அறிய இன்று இன்னொருவரின் தயவும் தேவையில்லை. ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கின் தானியங்கிக் காதுகள் பட்டைகளை இரவு பகலாகக் கேட்டு, சி.கியூ. அழைக்கும் நிலையத்தின் குறி, சிக்னல் வலு, சொல் வேகம் மூன்றையும் பதிகின்றன. பக்கில் சி.கியூ. அழைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். உங்கள் குறி சரியாக விழுந்திருந்தால் விகிதம் சரி. 4 இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ இருந்தால் எடையிடம் திரும்புங்கள். இயந்திரத்துக்காகத்தான் அனுப்ப வேண்டுமா என்று சில மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் உண்டு. மனிதக் காது சற்றுக் கோணலான கோட்டையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் புள்ளி கோட்டைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும்போது மனிதக் காதும் அதே இடத்தில்தான் தடுமாறுகிறது.

பழகத் தோழமை வேண்டுவோர் எஸ்.கே.சி.சி. எனப்படும் ஸ்டிரெய்ட் கீ செஞ்சுரி கிளப்பைப் பார்க்கலாம். 2006 புத்தாண்டின் ஸ்டிரெய்ட் கீ நைட்டை ஒட்டிப் பிறந்த அந்த அமைப்பு குத்துக் கீ, பக், பக்கவாட்டுக் கீ மூன்றையும் ஏற்கிறது. மின்னணுக் கீயருக்கு அங்கே இடமில்லை. அதன் உறுப்பினர்களில் மெதுவாக அனுப்புபவர்கள் ஏராளம் என்பதால் 15 சொல்லில் வரும் பக்கை யாரும் அவசரப்படுத்துவதில்லை.

நல்ல பக் ஒலி எப்படி இருக்கும் என்று காது பழக இன்னொரு வாய்ப்பு ஜூலையில் வருகிறது. அமெரிக்காவின் வணிகக் கடல்சார் மோர்ஸ் 1999 ஜூலை 12-இல் முடிந்தது. அந்த நாளை நினைவுகூர்ந்து கலிபோர்னியாவின் கடல்சார் வானொலி வரலாற்றுச் சங்கத்தினர் ஆண்டுதோறும் கே.பி.எச். கரை நிலையத்தைப் பழைய உபகரணங்களோடு ஒலிக்கச் செய்கிறார்கள். அவர்கள் மாலையில் தொடங்குவது நமக்கு ஜூலை 13 விடியற்காலை ஐந்தரை மணி. 12808.5, 17016.8 கிலோஹெர்ட்ஸ் இரண்டிலும் ரிசீவரை வைத்துப் பாருங்கள். டேப்பில் ஓடும் பகுதிகள் போகட்டும். கையால் அனுப்பும் பகுதி வந்ததும் பதிவைத் தொடங்கி, பிறகு கணினியில் அவர்களுடைய புள்ளியையும் கோட்டையும் அளந்து, உங்கள் பக்கின் அளவுக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.