டிராஃப்டில் பெயர் வராத பையனுக்கு என்ன வழி?

ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவில் மூன்று நாள் திருவிழா ஒன்று நடக்கும். என்எஃப்எல் டிராஃப்ட். 32 தொழில்முறை அணிகளும் முறை வைத்து கல்லூரி ஃபுட்பால் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி அது. முதல் நாள் கோட் சூட், கேமரா, கண்ணீர், கட்டிப்பிடிப்பு எல்லாம் உண்டு. மூன்றாம் நாள் சாயங்காலம் ஏழாவது சுற்று முடியும்போது நிலைமை வேறு. சொந்தக்காரர்கள் சூழ டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பையன்களின் போன் அடித்திருக்கவே அடித்திருக்காது.

இங்கே ஃபுட்பால் என்பது நம்மூர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும், ஹெல்மெட் போட்டு மோதும் அமெரிக்க ஆட்டம். டிராஃப்டும் ஐபிஎல் ஏலம் மாதிரி கிடையாது. ஏலத்தில் ஒரே வீரருக்கு நாலு அணிகள் முட்டிமோதலாம். டிராஃப்டில் போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, யார் எடுக்கிறார்களோ அங்கேதான் அந்த வீரர் போக வேண்டும். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் டிராஃப்டுக்குள் நுழையவும் முடியாது. மாரிஸ் கிளாரெட் என்ற வீரர் 2004-ல் இதை எதிர்த்து நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார், மேல்முறையீட்டில் தோற்றார். ஆகவே கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே பாதைதான். கல்லூரி.

அந்தப் பாதை எவ்வளவு குறுகல்? கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பே சொல்லும் கணக்குப்படி, டிராஃப்டுக்குத் தகுதியான கல்லூரி வீரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேர்வாவதில்லை. 2022-ல் மொத்தம் 262 பேரை எடுத்தார்கள். 262-வது ஆள் ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பிராக் பர்டி. கடைசியாக எடுக்கப்படுபவருக்கு ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’, அதாவது ‘பொருட்படுத்தத் தேவையில்லாதவர்’, என்று ஒரு கேலிப் பட்டமே இருக்கிறது. அதே பர்டி 2024 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ அணியை சூப்பர் பவுல் இறுதிப்போட்டிக்குக் கூட்டிப்போனார்.

அவராவது பட்டியலில் இருந்தார். 262-க்கு வெளியே நின்றவர்கள்?

போன் வந்தாலும் நிம்மதி இல்லை

டிராஃப்ட் முடிந்த கையோடு அணிகள் ஏஜென்ட்களுக்குப் போன் போடத் தொடங்கும். தேர்வாகாத சிலருக்கு ஒப்பந்தம் கிடைக்கும். கையில் கொடுக்கும் முன்பணம் பெரும்பாலும் சொற்பம், வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. வேறு சிலருக்கு அதுவும் இல்லை. “மூணு நாள் கேம்ப்புக்கு வந்து ஆடிக் காட்டு, பிடிச்சிருந்தா பார்க்கலாம்” என்ற அழைப்பு மட்டும்தான்.

கோடைப் பயிற்சிக்கு ஓர் அணி 90 பேரை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் கடைசியில் அதை 53 ஆகக் குறைக்க வேண்டும். அணிக்கு 37 பேர், 32 அணிகளுக்குக் கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வேலை இழக்கிறார்கள். அதில் ஒரு பகுதியினரைப் ‘பிராக்டிஸ் ஸ்குவாட்’ என்ற பயிற்சிக் குழுவில் திரும்பச் சேர்ப்பார்கள். வாரம் முழுக்க மோதிப் பழக வேண்டும், போட்டி நாளில் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். 2025-ல் அதற்குக் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 13,000 டாலர். தொகை பெரிதாகத்தான் தெரியும். அடுத்த வாரமும் வேலை இருக்குமா என்பதுதான் தெரியாது.

ஆடம் தீலன் வந்தது இந்த வழியில்தான். மின்னசோட்டாவில் டெட்ராய்ட் லேக்ஸ் என்ற சிறிய ஊர்க்காரர். பெரிய கல்லூரி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. மேன்கேட்டோ நகரில் உள்ள, இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடும் மின்னசோட்டா ஸ்டேட் கல்லூரி கடைசி நேரத்தில் 500 டாலர் உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. 2013 டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லை. இண்டியானாபொலிஸில் நடக்கும் பெரிய தேர்வு முகாமுக்கும் அவருக்கு அழைப்பு இல்லை. கைக்காசைக் கட்டி சிகாகோவில் நடந்த வட்டார முகாமில் ஓடிக் காட்டினார். நடக்காவிட்டால் பல் மருத்துவக் கருவிகள் விற்கும் வேலைக்குப் போகலாம் என்ற யோசனையும் இருந்தது. சொந்த மாநில அணியான வைக்கிங்ஸ் முயற்சி முகாமுக்குக் கூப்பிட்டது. ஓராண்டு பிராக்டிஸ் ஸ்குவாட்டில் கிடந்தார். 2018 சீசனின் முதல் எட்டு ஆட்டங்களிலும் தலா 100 யார்டுக்கு மேல் எடுத்தபோது, அப்படி ஒரு தொடக்கத்தை லீக் அதற்குமுன் பார்த்ததில்லை.

கர்ட் வார்னரின் கதை இன்னும் பழையது. நார்தர்ன் ஐயோவா கல்லூரியில் ஐந்தாவது ஆண்டில்தான் முதன்மை குவாட்டர்பேக் ஆனார். 1994-ல் டிராஃப்டில் எடுபடவில்லை, கிரீன் பே முகாமும் திருப்பி அனுப்பியது. ஐயோவாவில் ஹை-வீ கடையில் ராத்திரி ஷிப்டில் சாமான் அடுக்கினார், மணிக்கு 5.50 டாலர். பிறகு உள்ளரங்க அரீனா லீக், அப்புறம் ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் அணி. 1999-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸின் டிரென்ட் கிரீன் காயம்பட்டதால்தான் வார்னர் களமிறங்கினார். அந்த சீசனிலேயே லீக்கின் சிறந்த வீரர் விருது, சூப்பர் பவுல் கோப்பை இரண்டும் அவர் கைக்கு வந்தன.

இத்தனை பேர் கண்ணில் இவர்கள் எப்படித் தப்பினார்கள்? 40 யார்டு ஓட்டம், உயரம், கை நீளம் இதையெல்லாம் ஸ்டாப்வாட்சும் டேப்பும் அளந்துவிடும். எதிராளி என்ன செய்யப் போகிறான் என்று அரை நொடி முன்னால் படிக்கிற புத்தியை அளக்கக் கருவி கிடையாது. 2000-ல் டாம் பிரேடி 199-வது ஆளாகப் போனதற்குக் காரணம் அந்த ஓட்டத்தில் அவர் எடுத்த 5.28 விநாடி மட்டுமில்லைதான், ஆனால் அவரைப் பற்றி இன்றும் முதலில் பேசப்படுவது அந்த நேரம்தான்.

ஏணியின் அடிப்படி

இந்தக் கதைகளைச் சொல்லி “உழைத்தால் கிடைக்கும்” என்று முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். வார்னருக்கு அரீனா லீக் இருந்தது, ஐரோப்பிய லீக் இருந்தது. ஐரோப்பிய லீக்கை 2007-ல் என்எஃப்எல்லே மூடிவிட்டது. அரீனா லீக் 2019-ல் திவாலானது. இப்போது இருப்பது 2024-ல் இரண்டு லீக்குகளை இணைத்துத் தொடங்கிய யூஎஃப்எல் என்ற வசந்தகால லீக்.

கல்லூரிக்குள்ளேயும் மாற்றம். உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் சேருபவர்களை ‘வாக்-ஆன்’ என்பார்கள். ஜே.ஜே. வாட் அப்படி விஸ்கான்சினில் சேர்ந்தவர், இடையில் பீட்சா டெலிவரி செய்தவர். மூன்று முறை லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். 2018 டிராஃப்டின் முதல் ஆள் பேக்கர் மேஃபீல்டும் வாக்-ஆன்தான். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ‘ஹவுஸ்’ சமரசத்தின்படி, கல்லூரிகள் முதல்முறையாக வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். நியாயமான, ரொம்பத் தாமதமாக வந்த தீர்ப்பு அது. ஆனால் அதோடு சேர்ந்து, ஒப்பந்தத்தில் சேரும் கல்லூரிகளின் ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்ற உச்சவரம்பும் வந்தது. முன்பு 85 பேருக்கு உதவித்தொகை, மேற்கொண்டு வாக்-ஆன்களை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால் 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகள் சாதாரணம். நீதிபதி கிளாடியா வில்கன் விடாப்பிடியாக இருந்ததால், இதனால் இடம் இழந்தவர்களைக் கல்லூரி விரும்பினால் வரம்புக்கு வெளியே வைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. அடுத்தடுத்து வரப்போகும் பையன்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பணம் கொடுப்பதற்கும் தலையை எண்ணுவதற்கும் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாக்-ஆன் ஆள் கல்லூரிக்குப் பெரிய செலவு வைப்பதில்லை, பல நேரம் அவர்தான் கட்டணம் கட்டுகிறார். 105 என்ற வரம்பைச் சம்பளமும் உதவித்தொகையும் வாங்குபவர்களுக்கு மட்டும் வைத்துவிட்டு, கைக்காசில் வருபவரை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். கல்லூரிகளும் என்சிஏஏவும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம்தான் இது. அதுவரை, ஐந்தாவது ஆண்டில் மலர்கிற ஒரு வார்னருக்கு முதல் நான்கு ஆண்டுகள் பெஞ்சில் உட்காரக்கூட இடம் கிடைப்பது சந்தேகம்.