பென்னாகரத்தில் இருந்துகொண்டு சென்னையின் எஃப்.சி.க்கு ஏன் கத்தணும்?

"டாக்டர், உங்களுக்கும் அந்த ஃபுட்பால் டீமுக்கும் என்ன சம்பந்தம்?"

போன் கவரில் இருக்கும் நீல லோகோவைப் பார்த்துவிட்டு ஓ.பி.யில் கேட்கிறார்கள். இன்பாக்ஸிலும் கேட்கிறார்கள். அதனால் இன்னைக்கு சுகர், பிரஷர் கிடையாது. கால்பந்து. நடுவில் நெஞ்சு வலி பற்றி ஒரு பகுதி வரும். பந்தே பிடிக்காதவங்களும் அதை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க.

முதலில் தூரக் கணக்கைப் பார்த்துடலாம். எங்க ஊருக்குச் சென்னையை விட பெங்களூருதான் பக்கம், பாதி தூரம்கூட இருக்காது. எங்க பக்கத்து ஜனம் கட்டட வேலைக்குப் போறதும் பெங்களூருக்குத்தான். காவிரியும் அந்தப் பக்கமிருந்து வந்துதான் ஒகேனக்கல்லில் விழுது. நியாயமா பார்த்தா நான் பெங்களூரு எஃப்.சி.க்குக் கத்தணும்.

ஆனா நான் எம்.பி.பி.எஸ். படிச்சது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். சென்ட்ரல் எதிரே ஜி.ஹெச். வாசலில் இருந்து ரிப்பன் பில்டிங்கைத் தாண்டி நடந்தா பெரியமேடு நேரு ஸ்டேடியம் வந்துடும். 2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பிச்சப்போ வார்டு போஸ்டிங் முடிஞ்சு நடந்தே போய் மேட்ச் பார்த்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். கோச் யார் தெரியுமா? 2006 உலகக்கோப்பை ஃபைனலில் ஜிடான் தலையால் முட்டினாரே, அந்த மட்டராஸி.

டீம் பேரைக் கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க. "சென்னையின்... சென்னையின் என்ன? வாக்கியத்தை முடிங்கப்பா" என்பாங்க. அதை முடிச்சு வச்சது 2015 டிசம்பர் என்று நான் சொல்வேன்.

அந்த டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னையே தண்ணியில் கிடந்தது. செமிஃபைனலின் ஹோம் மேட்சை சொந்த ஊரில் ஆட முடியாமல் புனேவுக்கு மாத்தினாங்க. சீசன் நடுவில் பட்டியலில் கடைசியில் கிடந்த டீம், வரிசையா ஜெயிச்சு அங்கே வந்து நின்னுது. டிசம்பர் 12, புனேயில் கொல்கத்தாவை 3-0 அடிச்சாங்க. டிசம்பர் 20 கோவாவில் ஃபைனல். முடிய சில நிமிஷம் இருக்கும்போது கோவா 2-1 முன்னிலை. 90-வது நிமிஷத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி மேல் பட்டு ஒரு ஓன் கோல். அடுத்து இஞ்சுரி டைமில் மென்டோசா. 3-2.

அந்தக் கோப்பையால் யார் வீட்டுச் சேறும் கழுவப்படலை. அது எனக்கும் தெரியும். ஆனா ரெண்டு வாரமா சென்னை என்றாலே படகு, ஹெலிகாப்டர், உணவுப் பொட்டலம் என்று டிவியில் ஓடிட்டிருந்தப்போ, அன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் அந்த ஊர் பேரைச் சொல்லி ஜனங்க கத்துச்சு. ஹாஸ்டலில் நானும் கத்தினேன். அன்னையிலிருந்து இது என் டீம்.

(சின்ன தகவல்: 2018-ல் சி.எஸ்.கே.யின் ஹோம் மேட்சுகளும் காவிரிப் போராட்டத்தால் புனேவுக்குத்தான் போச்சு. சென்னை டீம்களுக்குப் புனே மாமியார் வீடு மாதிரி.)

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். ஃபைனலில் பெங்களூரு எஃப்.சி. 9-வது நிமிஷத்திலேயே சேத்ரி தலையால் முட்டி கோல். சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சோம். மைல்சன் ஆல்வெஸ் ரெண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு. மறுபடி 3-2. எங்க ஊர் ஆளுங்க சிமெண்ட் மூட்டை தூக்கும் ஊரில், அவங்க ஸ்டேடியத்தில், அவங்க ரசிகர்கள் முன்னாடி!

அடுத்த சீசனில் என்ன ஆச்சு? 18 மேட்சில் 2 வெற்றி, 9 பாயிண்ட், கடைசி இடம். சாம்பியன் டீம்!

இங்கேதான் என் கருத்துக்கு வர்றேன்.

1976-ல் சியால்டினி என்ற உளவியலாளரும் அவர் குழுவும் அமெரிக்க மாணவர்களிடம் ஒரு வேடிக்கையைக் கவனிச்சாங்க. காலேஜ் டீம் ஜெயிச்சா "நாம ஜெயிச்சோம்". தோத்தா "அவங்க தோத்துட்டாங்க". நம்ம ஊர் டீக்கடையில் ஐ.பி.எல். மறுநாள் காலையில் போய் நின்னா இந்த ஆராய்ச்சியை இலவசமாகவே பார்க்கலாம்.

இன்னொருத்தர் டேனியல் வான். விளையாட்டு ரசிகர்களைப் பல வருஷமா ஆராய்ந்தவர். தன் ஊர் டீமோடு ஒட்டி இருக்கிறவங்களுக்குத் தனிமை உணர்வு குறைவா இருக்கு, தூரத்து டீமின் ரசிகர்களிடம் அந்தப் பலன் அந்த அளவு தெரியலை என்று அவர் ஆய்வுகள் சொல்லுது. டீம் ஜெயிக்கிறதா என்பது இதில் பெரிய விஷயம் இல்லையாம். இது தொடர்பு மட்டும்தான், காரணம் என்று நிரூபணம் ஆகலை. ஆனா எனக்கு ஆச்சரியமா இல்லை. தூக்கம் வரலை, படபடப்பா இருக்கு, எதிலும் பிடிப்பில்லைன்னு ஓ.பி.க்கு வரும் இருபது வயசுப் பையன்களிடம் "உனக்குக் கூட்டாளிங்க யார்?" என்று கேட்டா, பல பேர் போனைத்தான் பார்க்கிறாங்க.

"அப்போ பென்னாகரத்துக்குச் சென்னை தூரத்து டீம்தானே டாக்டர்?" நல்ல கேள்வி. ஆனா மான்செஸ்டருக்கும் பார்சிலோனாவுக்கும் விசா வேணும். சென்னைக்குத் தர்மபுரியில் ராத்திரி பஸ் ஏறினா போதும். அங்கே சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ரெண்டு ரசிகர் கூட்டம் உண்டு. பக்கத்தில் போய் நின்னா பேர்கூட கேட்காம தோளில் கை போடுவாங்க. தோத்தா சேர்ந்து திட்டலாம். நம்ம பாஷையில் திட்டலாம். அதில் இருக்கும் சுகம் மெஸ்ஸி வீடியோவில் வராது.

அந்த டீமுக்குள்ள நம்ம மனுஷங்களும் இருந்திருக்காங்க. வியாசர்பாடியில் பந்து உதைச்சு வளர்ந்த தனபால் கணேஷ், 2018 செமிஃபைனலில் கோவாவுக்கு எதிரா கோல் போட்டார். அதே வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர், 2023 டூரண்ட் கோப்பை டெர்பியில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானை வீழ்த்தின கோலை அடிச்சார். செய்தியில் வியாசர்பாடி என்றால் வேறு மாதிரிதான் பேர் வரும். அந்தப் பேச்சைப் பந்து கொஞ்சம் மாத்துச்சு.

இப்போ நெஞ்சு வலி.

2006 உலகக்கோப்பையில் ஜெர்மனி ஆடின நாட்களில், மியூனிக் பகுதியில் இதய அவசரங்கள் 2.66 மடங்கு ஆச்சு. ஆண்களுக்கு 3.26 மடங்கு. பெரும்பாலும் மேட்ச் தொடங்கி ரெண்டு மணி நேரத்துக்குள். 1998-ல் இங்கிலாந்து பெனால்டியில் அர்ஜென்டினாவிடம் தோத்த நாளிலும் அடுத்த ரெண்டு நாளிலும், அங்கே மாரடைப்பு அட்மிஷன் 25% கூடுச்சு. ஏற்கெனவே அடைப்பு இருக்கும் ரத்தக் குழாய்க்கு பதற்றம், சிகரெட், சரக்கு, தூக்கமின்மை எல்லாம் ஒரே ராத்திரியில் சேர்ந்தா அப்படித்தான் ஆகும்.

நைட் டியூட்டியில் எனக்குக் கோபம் வர்ற வாக்கியம் ஒண்ணு உண்டு: "மேட்ச் முடியட்டும்னு இருந்தோம் சார்."

நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்புனு வேர்வை. இது கேஸ் இல்லை. பெனால்டியே ஓடிட்டிருந்தாலும் எழுந்திருங்க. 108-க்குப் போன் போடுங்க. இல்லைன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. 2023-ல் ஆரம்பிச்ச 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே இலவசமா 14 மாத்திரை தருவாங்க: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. எங்க மலைக் கிராமங்களில் இருந்து தர்மபுரி மெடிக்கல் காலேஜ் போய்ச் சேரும் நேரத்தில் அது உயிரைப் பிடிச்சு வைக்கும். வாட்ஸ்அப் பார்த்து நீங்களா விழுங்காதீங்க. கொடுக்கணுமான்னு முடிவு பண்ண வேண்டியது அங்கே இருக்கும் டாக்டர்.

சரி, பந்துக்குத் திரும்புவோம். எனக்கு உண்மையான பயம் தோல்வி இல்லை. டீமே இல்லாம போறதுதான்.

சென்னை சிட்டி எஃப்.சி. ஞாபகம் இருக்கா? பேர் சென்னை, ஹோம் கிரவுண்ட் கோயம்புத்தூர். 2018-19-ல் ஐ-லீக் சாம்பியன். பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். கோவை நேரு ஸ்டேடியத்துக்குக் குடும்பம் குடும்பமா ஜனம் வந்துச்சு. மூணு வருஷம் கழிச்சு லீகில் அந்த டீமே கிடையாது. அந்த ஜெர்சியை வாங்கின கோவைப் பையன் இப்போ யாருக்குக் கத்துறான்?

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வச்சாங்க, ஒப்பந்தத் தகராறு. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி.யும் தற்காலிகமா செயல்பாட்டை நிறுத்துறோம்னு அறிவிச்சுது. வீரர்களும் மசாஜ் பண்றவரும் புல் வெட்டுறவரும் அடுத்த மாசம் என்னன்னு தெரியாம நின்னாங்க. பத்து வருஷம் கூடவே நின்ன ரசிகனை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. ஒப்பந்தம் கம்பெனிக்கும் சம்மேளனத்துக்கும் நடுவில். ரசிகன் அதில் கையெழுத்துப் போடும் ஆளே இல்லை.

ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் ஓட்டுரிமையின் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்கணும்னு விதி இருக்கு, 50+1 என்பாங்க. நாளைக்கே இங்கே அது வராது. ஆனா ரசிகர் பிரதிநிதி ஒருத்தரையாவது கிளப் கூட்டத்தில் உட்கார வைக்கலாமே? சீசனில் ஒரு நாள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வந்து ஸ்கூல் பையன்களோடு பந்து உதைக்கலாமே? எங்க பசங்க மேட்டுலயும் கல்லுலயும் ஓடி வளர்ந்தவங்க. ஸ்டாமினா பற்றிக் கவலையே வேண்டாம், ஷூதான் இருக்காது.

பெற்றோருக்கு ஒண்ணு. பையன் சாயங்காலம் பந்தோடு போனா "படிக்கிற நேரத்துல என்னடா"ன்னு இழுத்து உட்கார வைக்காதீங்க. அவன் தூங்குவான், சாப்பிடுவான், போனைக் கீழே வைப்பான். இதுக்கு நான் மருந்து எழுத முடியாது.

அடுத்த ஹோம் மேட்சுக்கு இந்தப் பக்கமிருந்து யாராவது கிளம்புறீங்களா? கமெண்டில் சொல்லுங்க. அன்னைக்கு எனக்கு டியூட்டி இல்லைன்னா தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நீல ஜெர்சியோடு நிக்கிறேன்.