பழைய துப்பாக்கியும் புதிய கட்டையும்

இங்கிலாந்தில் புராதன இரட்டைக்குழல் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். பழுது பார்த்துப் புதுக்கட்டை பொருத்தலாம் என்பது ஒரு கட்சி. உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்பது மற்றொன்று. இத்துப்பாக்கிகள் பல உருவான காலத்தில்தான், 1878-ல், லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. நம்மவருக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டியதில்லை என்றது அச்சட்டம்! அது கிடக்கட்டும், கைவினை விஷயத்தில் நாமும் ஒரு வார்த்தை சொல்லலாமல்லவா?

லண்டன் கொல்லர்கள், சட்டைக்கு அளவெடுப்பது போல் வாங்குபவரின் உடலுக்கு அளவெடுத்தே வால்நட் கட்டையைச் செதுக்கினர். முதற் சொந்தக்காரர் குட்டையர், இன்றுள்ளவர் நெட்டையர் என்றால் என்ன செய்வது? ஒட்டுப்போட்டு நீட்டுவதும், பிடியருகே விண்டிருந்தால் வேறு கட்டை பொருத்துவதும் பாதகமென்று நாம் கருதவில்லை. கழற்றிய கட்டையை எறியாமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

சித்திர வேலை அப்படியன்று. மங்கிய கோடுகளை மீண்டும் வெட்டினால் முதற் சிற்பியின் உளிவீச்சு அறவே அழிந்துபோகும்.

குழலோ உயிரைப் பற்றிய விஷயம். துருக்குழிகளைப் போக்க உலோகத்தைத் தேய்த்தே தீரவேண்டும். தேய்த்துக் கறுப்பேற்றிய குழல் புதிது போல் மின்னும், சுவரோ மெலிந்திருக்கும். சுடுகிறவரின் இடது கை அதன் கீழேதான் இருக்கிறது. மிகை மருந்திட்டுச் சோதித்து முத்திரை பெறாத குழலை விற்பது 1868-ம் வருஷச் சட்டப்படி அந்நாட்டில் குற்றம். தேய்த்து மெலிந்த குழலுக்குப் பழைய முத்திரை செல்லாது; மறுபடி சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அது வெடித்துப் போவதும் உண்டு.