துபாயில் டீச்சர் வேலை: சம்பளம் ஓகே, பேசிக் எவ்வளவு?

துபாய் இன்டர்நேஷனல் ஸ்கூலில் வேலை என்றதும் எல்லோரும் கேட்பது, 'மாசம் எவ்வளவு வரும்?' வருமான வரி கிடையாது, முழுசா கைக்கு வரும். சரிதான். ஆனால் வெளிநாட்டு ஆசிரியருக்கு அங்கே அரசு பென்ஷன் இல்லை. வேலையை விடும்போது பொதுவாகக் கிடைப்பது பணிக்கொடைதான்: முதல் 5 ஆண்டுகளுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் 30 நாள். அதுவும் பேசிக் சம்பளத்துக்கு மட்டும், வீட்டுப்படி சேராது.

மொத்தம் 10,000 திர்ஹாமில் பேசிக் 5,000 என்றால், 5 ஆண்டு முடிவில் 17,500 திர்ஹாம். அதே சம்பளத்தில் பேசிக் 8,000 என்றால் 28,000. பேசிக்கைக் குறைத்து, படிகளை ஏற்றி ஆஃபர் தருவது பள்ளிக்குத்தான் லாபம். 20 வருஷம் அங்கேயே ஓட்ட நினைப்பவர்கள் ஆஃபர் லெட்டரில் முதலில் தேட வேண்டியது இந்த வரியைத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு அதைப் பற்றிப் பேரம் பேசுவது ரொம்பக் கஷ்டம்.